உங்களுக்குத் தெரியுமா? சுவரில் மாட்டிய பூவும் பறவையும்

ஓட்டல் வரவேற்பறை, பல் டாக்டரின் கிளினிக், புதுமனை புகுவிழாவுக்கு வந்த ஃபிரேம் என்று எங்கு பார்த்தாலும் இப்போது பழைய பாணித் தாவரப் படங்களும் பறவைப் படங்களும்தான். பழுப்பேறிய காகித நிறம், கீழே சாய்வெழுத்தில் ஒரு லத்தீன் பெயர். நாம் அழகுக்காக மாட்டுகிறோம். ஆனால் இவற்றில் பல, மருந்துச் செடியை அடையாளம் காட்டவும், புதிய உயிரினத்துக்குச் சாட்சி சொல்லவும், சில நேரம் கடனை அடைக்கவும் உருவானவை. வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் இன்னொருவர், வண்ணம் தீட்டியவர் யாரோ. பெயர் வாங்கியவர் வேறொருவராக இருப்பதும் உண்டு.

பார்க்காமலே வரைந்த காண்டாமிருகம்
1515 மே மாதம் லிஸ்பன் துறைமுகத்தில் ஒரு காண்டாமிருகம் வந்து இறங்கியது. குஜராத் சுல்தான் போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்குக் கொடுத்த பரிசு அது; கோவா வழியாக மன்னர் மானுவேலிடம் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் இருந்த ஆல்பிரெக்ட் டியூரர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. வந்த விவரக் குறிப்பையும் கோட்டோவியத்தையும் நம்பி மரக்கட்டை அச்சுக்குப் படம் வரைந்தார். உடம்பெல்லாம் போர்க்கவசம், தோள்மேல் உபரியாக ஒரு குட்டிக் கொம்பு! அந்த இல்லாத கொம்பு இருநூறு ஆண்டுக்கு மேல் ஐரோப்பியப் புத்தகங்களில் வலம் வந்தது. நிஜ விலங்கு போப்பாண்டவருக்குப் பரிசாகப் போகும் வழியில், 1516-ல் இத்தாலியக் கரையோரம் கப்பலோடு மூழ்கியது.

மிளகாய்க்குக் கோழிக்கோடு முகவரி
ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் 1542-ல் வெளியிட்ட மூலிகை நூலில் 500-க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள். மிளகாய்ச் செடியின் மிகப் பழைய ஐரோப்பியப் படங்களில் ஒன்று இதில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாயை இந்தியச் சரக்கு என்று நினைத்து, 'கோழிக்கோட்டு மிளகு' எனப் பெயரிட்டுவிட்டார் ஃபூக்ஸ். இன்னொரு விஷயத்தில் அவர் தாராளமானவர். வரைந்தவர், கட்டைக்கு மாற்றியவர், செதுக்கியவர் மூவரின் உருவப்படத்தையும் பெயரோடு நூலின் கடைசியில் அச்சிட்டார். அந்தக் காலத்தில் இது அபூர்வம்.

ஐந்து புத்தகம், ஒரு வீடு
1613-ல் வந்த 'ஹார்ட்டஸ் ஐஸ்டெட்டென்சிஸ்', ஐஷ்டாட் நகரத்து ஆயரின் தோட்டச் செடிகளை 367 தகடுகளில் காட்டிய பிரம்மாண்ட நூல். தொகுத்தவர் பேசிலியஸ் பெஸ்லர் என்ற மருந்துக்கடைக்காரர். கையால் வண்ணம் தீட்டிய ஒரு பிரதி 500 ஃப்ளோரின். நியூரம்பெர்க்கில் அவர் வாங்கிய நல்ல வீட்டின் விலை 2,500 ஃப்ளோரின்தான்.

ஒன்றரை அடித் தெள்ளுப்பூச்சி
ராபர்ட் ஹூக் 1665-ல் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா'வில் ஒரு தாளைப் பிரித்தால் சுமார் ஒன்றரை அடி நீளத்துக்குத் தெள்ளுப்பூச்சி ஒன்று நீளும். நுண்ணோக்கியில் பார்த்ததை அப்படியே பெரிதாக்கியது. நாய் மேல் ஊரும் பூச்சிக்கு இவ்வளவு மயிரும் மூட்டும் உண்டா என்று லண்டன் வாசகர்கள் வாய்பிளந்தார்கள்.

தென்னையில் தொடங்கிய பன்னிரண்டு தொகுதி
கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹார்ட்டஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. மலையாளக் கரையின் 742 தாவரங்கள். முதல் படம் தென்னை. செடிகளின் மருத்துவ குணங்களைச் சொன்னவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் உதவினார்கள். படங்களில் லத்தீனோடு மலையாளம், அரபு எழுத்துகளிலும் பெயர் பொறித்திருக்கும். லத்தீனில் முடங்கிக் கிடந்த இந்த நூலைத் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் பல்லாண்டுகள் உழைத்து மொழிபெயர்த்தார். ஆங்கிலப் பதிப்பு 2003-ல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

மயில்கொன்றை சொன்ன ரகசியம்
மரியா சிபில்லா மெரியன் 1699-ல், தன் 52-வது வயதில், ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டி, மகளோடு தென்னமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி, அது தின்னும் செடி எல்லாவற்றையும் ஒரே படத்தில் காட்டிய அவருடைய நூல் 1705-ல் வந்தது. அதில் நம் வீட்டு வாசல்களில் பூக்கும் மயில்கொன்றையும் உண்டு. சூரினாமில் அடிமைப்பட்டிருந்த பெண்கள், தம் பிள்ளைகளும் அடிமையாகக் கூடாது என்று இதன் விதையைத் தின்று கருவைக் கலைத்தார்கள். அவர்களே தன்னிடம் சொன்னதாகப் படத்துக்கான குறிப்பில் எழுதிவைத்தார் மெரியன். அந்தப் பூவைத்தான் இன்று வரவேற்பறையில் மாட்டுகிறார்கள்.

பொய் என்றார்கள், மெய்யானது
அதே நூலில் ஒரு பெரிய சிலந்தி ஹம்மிங் பறவையைத் தின்னும் படம் இருக்கிறது. "பெண்பிள்ளையின் கற்பனை" என்ற தோரணையில் 19-ம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் சிலர் அதைத் தள்ளிவைத்தார்கள். 1863-ல் ஹென்றி வால்டர் பேட்ஸ், அமேசான் காட்டில் சிலந்தியிடம் சிக்கிய குருவிகளைத் தானே பார்த்ததாக எழுதிய பிறகு வாய் அடைத்தது. யூரோ வருவதற்கு முன்பு ஜெர்மனியின் 500 மார்க் நோட்டில் இருந்தது மெரியனின் முகம்தான்.

ஏழுதலைப் பாம்பின் சாயம் வெளுத்தது
ஆம்ஸ்டர்டாம் மருந்து வியாபாரி ஆல்பர்டஸ் சேபா, தன் அதிசயப் பொருட்காட்சியை 446 தகடுகளில் அச்சிட வைத்தார். அதில் ஏழு தலையுள்ள ஒரு ஹைட்ராவும் இருக்கிறது! அதன் 'அசல்' ஹாம்பர்க்கில் இருந்தது. 1735-ல் அங்கே போன இளம் தாவரவியலாளர் லின்னேயஸ் உற்றுப் பார்த்துவிட்டு, வீசல் என்ற சிறு விலங்கின் தாடைகளைப் பாம்புத்தோலால் ஒட்டித் தைத்த போலி என்று சொன்னார். விற்கக் காத்திருந்த நகரத்துப் பெரிய மனிதரின் கோபத்துக்குப் பயந்து உடனே ஊரைவிட்டுக் கிளம்பினார்.

கடன்காரக் கணவனை மீட்ட 500 செடிகள்
லண்டனில் கடனுக்காகச் சிறைப்பட்ட கணவனை மீட்க எலிசபெத் பிளாக்வெல் கையிலெடுத்தது தூரிகை. செல்சி மூலிகைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் குடிபோனார். வாரம் நான்கு படம் என்ற கணக்கில், 1737 முதல் 1739 வரை 500 மருந்துச் செடிகளை வெளியிட்டார். வரைந்தது, செம்புத் தகட்டில் செதுக்கியது, வண்ணம் தீட்டியது மூன்றும் அவரே. கணவர் வெளியே வந்தார். ஆனால் அவர் போக்கு மாறவில்லை. சுவீடனுக்குப் போய், அரசியல் சதிக் குற்றச்சாட்டில் 1747-ல் தலை வெட்டப்பட்டார்.

மொகலாய டோடோ
மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து அழிந்த டோடோ பறவையை உயிரோடு பார்த்து வரைந்த வண்ணப் படங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று இந்தியாவில் வரையப்பட்டது. ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் 1625 வாக்கில் தீட்டியதாகக் கருதப்படும் அந்தப் படம் இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ளது. ஐரோப்பியப் படங்களின் தொந்தி டோடோவோடு ஒப்பிட்டால், இது மெலிந்த பறவை.

இருநூறு ஆண்டு காத்திருந்த செம்பு
கேப்டன் குக்கின் எண்டவர் கப்பலில் போன ஓவியர் சிட்னி பார்க்கின்சன், 1771-ல் ஊர் திரும்பும் வழியிலேயே சீதபேதியில் இறந்தார். அவர் வரைந்த தாவரங்களை, அதே கப்பலில் போன தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் 743 செம்புத் தகடுகளில் செதுக்க வைத்தார். ஆனால் நூலாக வெளியிடவில்லை. வண்ணத்தில் முழுத் தொகுப்பும் அச்சானது 1980-க்கும் 1990-க்கும் இடையில்தான்.

அச்சிட்ட கல், பறவை ஒளிந்த கல்
பவேரியாவில் தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழிதேடிய அலோய்ஸ் செனஃபெல்டர் 1796-ல் கண்டுபிடித்தது கல்லச்சு, அதாவது லித்தோ. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதே அதன் சூட்சுமம். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசை மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். இதற்கு உகந்த கல் சோல்ன்ஹோஃபன் சுரங்கத்துக் கல். அந்தக் கல்லில்தான் 1861-ல் உலகின் புகழ்பெற்ற ஆதிப்பறவைப் புதைபடிவம் கிடைத்தது. அதனால்தான் அதன் முழுப் பெயர் ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா!

சென்னை தந்த ரங்கையாவும் கோவிந்துவும்
கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களை 1838 முதல் 1853 வரை சென்னையில் கல்லச்சில் வெளியிட்டார். ஆறு தொகுதி, 2,101 படங்கள். அந்தப் பெரும் வேலையின் முதுகெலும்பு ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற இரண்டு உள்ளூர் ஓவியர்கள். கம்பெனிக்காக வரைந்த எத்தனையோ இந்திய ஓவியர்களின் பெயர்கூடத் தெரியாத நிலையில், வைட் இவர்கள் பெயரைப் பதிவு செய்தார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். இன்றைய வகைப்பாட்டில் அது டிரோபிடியா பேரினத்தில் அடங்கிவிட்டது. மூல ஓவியங்களில் பலவற்றை எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டம் பாதுகாக்கிறது.

பூநாரை ஏன் குனிகிறது?
ஜான் ஜேம்ஸ் ஆடுபனின் 'அமெரிக்கப் பறவைகள்' 1827 முதல் 1838 வரை 435 தகடுகளாக வந்தது. எல்லாப் பறவையும் நிஜ அளவில் இருக்க வேண்டும் என்பது பிடிவாதம். மூன்றேகால் அடி உயரத் தாளிலும் பூநாரை அடங்கவில்லை; கழுத்தை வளைத்துத் தலையைத் தரைக்கு இறக்கிவிட்டார். உயிர்த்துடிப்பான அந்தப் பறவைகளில் பல, சுட்டு வீழ்த்திக் கம்பி செருகி நிறுத்தப்பட்டவை. பெரும்பாலானவற்றைச் செம்பில் செதுக்கி, அச்சிட்டு, வண்ணமிட்டுத் தந்தவர் லண்டனின் ராபர்ட் ஹாவெல். 2010-ல் ஒரு முழுத் தொகுப்பு 70 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. ஆடுபன் வரைந்த கரோலினா கிளியின் கடைசிக் கூண்டுப் பறவை 1918-ல் செத்தது.

படத்துக்குப் பின் வந்த கிளி
குறும்புப் பாடல்களால் பெயர்பெற்ற எட்வர்ட் லியர், 18 வயதில் தொடங்கியது கிளிப் படங்கள். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து 42 கல்லச்சுப் படங்கள் செய்தார். அவற்றில் ஒரு நீல மக்காவ் தனி இனம் என்று 1856-ல் தெளிவாகி, அவர் பெயரே சூட்டப்பட்டது. அது காட்டில் எங்கே வாழ்கிறது என்பது 1978-ல்தான் பிரேசிலில் கண்டுபிடிக்கப்பட்டது.

வெயிலில் வரைந்த கடற்பாசி
நீலப் பின்னணியில் வெள்ளை இலை தெரியும் படங்களுக்கு முன்னோடி ஆனா அட்கின்ஸ். ரசாயனம் பூசிய தாளில் கடற்பாசியை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினார். 1843-ல் அவர் இப்படி வெளியிடத் தொடங்கிய நூல்தான் ஒளிப்படங்கள் கொண்ட உலகின் முதல் புத்தகம். கேமரா? தேவைப்படவே இல்லை.

கள்ளநோட்டைத் தடுத்த இலை
18-ம் நூற்றாண்டில் பென்சில்வேனியா காகிதப் பணத்தின் முதுகில் இலையின் படம் அச்சிட்டார் பெஞ்சமின் பிராங்க்ளின். நிஜ இலையை அச்சாக வார்த்து எடுத்தது அது. இலை நரம்புகளின் பின்னலை எந்தச் செதுக்குக் கலைஞனாலும் அச்சு அசலாகப் போலி செய்ய முடியாது என்பது கணக்கு.

மனைவி பெயரில் ஒரு ஜெல்லி மீன்
இன்று சுவரொட்டி, தலையணை உறை, டி-ஷர்ட் என எங்கும் தெரியும் ஜெல்லி மீன் படங்கள் ஏர்ன்ஸ்ட் ஹெக்கெலின் 'இயற்கையின் கலை வடிவங்கள்' தொகுப்பிலிருந்து வந்தவை. 1899 முதல் 1904 வரை 100 தகடுகள். நீண்ட இழைகள் கொண்ட ஒரு ஜெல்லி மீனுக்கு, இளவயதில் இறந்த மனைவி ஆனா சேத்தேயின் பெயரை வைத்தார். ஹெக்கெலின் கோட்டோவியங்களைக் கல்லுக்கு மாற்றி அசத்தியவர் அடால்ஃப் கில்ட்ச். 1881-82ல் ஹெக்கெல் இலங்கையின் வெலிகமவில் தங்கிக் கடலுயிர்களைச் சேகரித்தார்.

1948 வரை கைவண்ணம்
1787-ல் தொடங்கிய கர்ட்டிஸ் தாவரவியல் இதழ் இன்றும் வருகிறது. அதன் படங்களுக்கு 1948 வரை கையால்தான் வண்ணம் தீட்டினார்கள், ஒவ்வொரு பிரதிக்கும்!

அசலா, நகலா?
நகைக்கடை லென்ஸ் போதும். நுண்ணிய பல வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது இக்கால ஆஃப்செட் நகல். செம்புத் தகட்டு அச்சு என்றால், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய செவ்வகப் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். கல்லச்சில் அந்தப் பள்ளம் இருக்காது. அசல் தாள்களில் பல, பழைய நூல்களைப் பிரித்து ஒவ்வொரு தாளாக விற்றதால் சந்தைக்கு வந்தவை.

வெட்டச் சொல்லாதீர்கள்
நகல் வேண்டுமென்றால் காசு தர வேண்டியதில்லை. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பழைய இயற்கைப் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தரவிறக்கி அச்சுக்கடையில் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய தகடுகளில் பெரும்பாலும் இடது கீழ்மூலையில் வரைந்தவர் பெயரும் வலது கீழ்மூலையில் செதுக்கியவர் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். ஃபிரேமுக்கு அளவு சரிசெய்யும்போது கடைக்காரர் முதலில் நறுக்குவது அந்த ஓரத்தைத்தான்.