சிப்பாயின் விடியற்காலை

மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் முன்னாளில் விளங்கிய கோட்டையை 1759-ஆம் ஆண்டு அயர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி கைப்பற்றியதைச் சரித்திரம் படித்தோர் அறிவர். அதற்கு முந்தைய ஆண்டாகிய 1758-இல் உருக்கொண்ட மதராஸ் ரெஜிமென்ட், இன்றும் நீலகிரியின் வெலிங்டனில், சுமார் 6,000 அடி உயரத்தில், கிராமத்து இளைஞர்களைப் போர்வீரர்களாக்கும் கைங்கரியத்தை இடைவிடாது செய்து வருகிறது.

மலைக்குளிர் எலும்பைத் துளைக்கும் விடியலுக்கு முன்னரே துயிலெழுந்து, சவரம் செய்து, படுக்கையைச் சுருக்கமின்றி விரித்து, பூட்ஸைப் பளபளக்கத் துடைத்து அணிவகுப்பில் நிற்கும் அவ்விளைஞனுக்கு ஓட்டம், தண்டால், கயிறேறுதல், 9 அடிப் பள்ளத்தைத் தாண்டுதல் ஆகியவற்றோடு, ஆயுதமும் சுமையும் தாங்கி 5 கிலோமீட்டர் ஓடுவதும் நாளடைவில் சகஜமாகிவிடும். தேகத்தை வருத்துவதைக் காட்டிலும், அற்பமெனத் தோன்றும் பொத்தானையும் மடிப்பையும் ஓயாது பரிசோதிப்பதே புதியவர்களுக்குப் பெருஞ்சோதனை என்பது என் அபிப்பிராயம். பயிற்சி பூர்த்தியானதும், தேசியக் கொடியின் முன்னிலையில் சத்தியப் பிரமாணம் செய்த பின்னரே அவன் பூரண சிப்பாய் ஆகிறான்.

சேர்ப்பு முகாமிலேயே 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடுவோருக்கே முழு மதிப்பெண்ணாகிய 60 கிட்டும். பத்து முறை கம்பியில் உடலைத் தூக்குவோருக்கு 40. ஆகையால், படையிற்சேர விழையும் நம் வட்டார இளைஞர்கள் அறிவிப்பு வரும்வரை காத்திராது, பல மாதங்களுக்கு முன்பே ஓடிப் பழகுவது உசிதம்.