மனமும் மரபணுவும் – 11: எச்சில் பரிசோதனையும் விட்டமின் குப்பியும்

பதற்ற நோய் வருவதில் பரம்பரையின் பங்கு 30 முதல் 40 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்வதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பங்கு ஒரே மரபணுவில் குடியிருக்கவில்லை. பலப்பல மரபணுக்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. ஆனாலும் எச்சிலை அனுப்பிப் பெறும் மரபணு அறிக்கைகளில் ஒரு பெயர் மட்டும் அடிக்கடி குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது: எம்.டி.எச்.எஃப்.ஆர். “உங்களுக்கு இதில் மாறுபாடு இருக்கிறது. படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் இதுதான் காரணம். மெத்தில் ஃபோலேட் சாப்பிட்டால் சரியாகிவிடும்” என்ற அறிவுரை அமெரிக்காவில் வேகமாகப் பரவி, நம் ஊர் கைப்பேசிகளுக்கும் வந்துவிட்டது.

இந்தக் கதையின் முதல் அத்தியாயம் நம் மண்ணில்தான் நடந்தது. 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளிப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் வாட்டிய கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் (இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை) அவர் வேலை செய்திருக்கிறார். மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட் அந்தப் பெண்களைத் தேற்றுவதை 1931இல் அறிவித்தார். அதில் இருந்த சத்துதான் ஃபோலேட். பத்தாண்டு கழித்து, 1941இல், அமெரிக்க ஆய்வாளர்கள் டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்து அதைப் பிரித்தெடுத்தார்கள்.

நாம் சாப்பிடும் ஃபோலேட்டை உடல் படிப்படியாக மாற்றி, கடைசியில் மெத்தில் ஃபோலேட்டாக்குகிறது. அது பி12இன் துணையோடு ஹோமோசிஸ்டீனை மெத்தியோனினாக மாற்றுகிறது. மூளையின் பல வேதி வேலைகளுக்கு இந்தச் சுழற்சி வேண்டும். அந்தக் கடைசிப் படியின் நொதியைச் செய்வதுதான் எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணு. அதன் 677ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதை 1995இல் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரீமா ரோசன் குழு விளக்கியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்திருந்தால், ஆய்வுக்கூடச் சோதனையில் நொதியின் திறன் ஏறத்தாழ 30 சதவீதமே இருக்கிறது.

30 என்ற எண்ணைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் அப்படிப்பட்டவர்களின் ரத்தத்தில் ஃபோலேட் அளவு மற்றவர்களைவிடச் சராசரியாக 16 சதவீதம்தான் குறைவு என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. சாதாரண ஃபோலிக் அமில மாத்திரையையும் அவர்கள் உடல் பயன்படுத்திக்கொள்கிறது. ஐரோப்பாவிலும் மெக்சிகோவிலும் பரவலாகவும், இந்தியாவில் குறைவாகவும் காணப்படும் மாறுபாடு இது.

சிகிச்சைக்கு ஆதாரம் உண்டா? 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மருந்துக்குச் சரியாக மசியாத மனச்சோர்வுக்கு, அந்த மருந்தோடு 15 மில்லிகிராம் மெத்தில் ஃபோலேட் சேர்த்தபோது பலன் தெரிந்தது, 7.5 மில்லிகிராமில் தெரியவில்லை. கவனியுங்கள்: அது மனச்சோர்வு, பதற்றம் அல்ல, மருந்தோடு சேர்த்துக் கொடுத்தது, மருந்துக்குப் பதிலாக அல்ல. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் 2022இல் தினம் 100 மில்லிகிராம் பி6 கொடுத்துப் பதற்றம் ஓரளவு குறைந்ததாகச் சொன்னது. அதில் மரபணுவை வைத்து யாரையும் பிரிக்கவில்லை. தவிர, பி6ஐ அதிக அளவில் நீண்ட நாள் விழுங்கினால் நரம்பு கெடும்.

மரபணுவுக்கேற்ற சத்து என்ற எண்ணமே வெறுங்கனவு அல்ல. இதே 677 மாற்றம் உள்ளவர்களின் நொதி, பி2 விட்டமினிலிருந்து வரும் துணைப்பொருளை எளிதில் நழுவவிடுகிறது. வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குத் தினம் வெறும் 1.6 மில்லிகிராம் பி2 கொடுத்தார்கள். ரத்தக் கொதிப்பு குறைந்தது. மரபணு, சத்து, விளைவு மூன்றும் இங்கே ஒரே கோட்டில் நிற்கின்றன. பதற்றத்துக்கும் இப்படி ஓர் ஆய்வு வரட்டும், நானே கொண்டாடி எழுதுவேன்.

என் கவலை எல்லாம் பி12 பற்றித்தான். சைவ உணவுக்காரர்கள், முதியவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் ஆகியோரிடம் பி12 குறைவது சாதாரணம். அந்தக் குறைவும் எரிச்சலையும் மறதியையும் மனக்கலக்கத்தையும் கொண்டுவரும். கை கால் மரத்துப்போகும். இந்த நிலையில் ஃபோலேட்டை மட்டும் அள்ளி விழுங்கினால் ரத்தசோகை சரியாகி, குறைபாடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும்.

ஆகவே, வாரக்கணக்கில் பதற்றம் விடவில்லை என்றால் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் முதலில் பாருங்கள். குறை இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் ஈடு செய்யுங்கள். இல்லையென்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். சிந்தனைப் போக்கைச் சீரமைக்கும் பேச்சு சிகிச்சைக்கும் மருந்துகளுக்கும் உறுதியான ஆதாரம் இருக்கிறது. மரபணு அறிக்கையைப் பார்த்து, சாப்பிட்டுவரும் மருந்தைத் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், மரபணு எப்படியிருந்தாலும், அவசியம். யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம்: 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

(தொடரும்)