வடக்கே மழை விட்டபின் கிளம்பும் வண்டிகள்

ஆஸ்திரேலியாவின் முதலாம் எண் நெடுஞ்சாலை அந்த நாட்டின் பெருநிலத்தைக் கரையோரமாகவே சுற்றி வருகிறது. நீளம் சுமார் 14,500 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை உள்ள சாலைத் தூரத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. இந்தச் சுற்றை அங்கே 'பிக் லேப்' என்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் காருக்குப் பின்னால் கேரவனைக் கோத்துக்கொண்டோ, படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார்ஹோமில் ஏறிக்கொண்டோ ஆறு மாதம், ஓராண்டு, சில சமயம் அதற்கும் மேலாகச் சாலையிலேயே வாழ்வது அந்த நாட்டில் பழகிப்போன காட்சி. 'கிரே நோமாட்ஸ்', அதாவது நரைத்தலை நாடோடிகள் என்ற செல்லப்பெயரே அவர்களுக்கு உண்டு. ஐம்பதுகளிலேயே வேலையை விட்டு, தலை முழுதும் நரைக்குமுன் கிளம்பிவிடுகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. உடம்பில் தெம்பு இருக்கும். ஓய்வூதியம் மட்டும் இன்னும் கைக்கு வந்திருக்காது. அவர்களுடைய திட்டமிடல் அதனாலேயே கொஞ்சம் வேறுபடுகிறது.

கிளம்ப நினைப்பவர் பெரும்பாலும் முதலில் வண்டிக் கண்காட்சிக்குத்தான் போவார். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. ஆஸ்திரேலியாவின் வட பாகம் வெப்பமண்டலம். அங்கே ஆண்டுக்கு இரண்டே பருவம்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை, மே முதல் அக்டோபர் வரை வறட்சி. மழைக்காலத்தில் புயல் வரும், ஆறுகள் சாலையை மூடும், புழுக்கம் ஆளை வாட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்தில் டெர்பி ஊர்ப் பக்கமிருந்து குனுனரா பக்கம் செல்லும் கிப் ரிவர் சாலை, சுமார் 660 கிலோமீட்டர், பெரும்பகுதி செம்மண் தடம். மழைக்காலத்தில் அது மூடப்படும். வெள்ளம் வடிந்து, தடத்தைச் சமன் செய்த பிறகுதான் திறப்பார்கள். தார்ச்சாலையும் தப்புவதில்லை. 2023 ஜனவரியில் பெய்த மழையில் ஃபிட்ஸ்ராய் ஆறு பெருகி, ஃபிட்ஸ்ராய் கிராசிங் ஊரின் நெடுஞ்சாலைப் பாலத்தையே உடைத்துப்போட்டது. புதிய பாலம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் திறந்தது. மாற்றுப்பாதை என்று எளிதாகச் சொல்ல அந்தப் பக்கத்தில் வேறு சாலையே கிடையாது.

தெற்கே கதை நேர்மாறு. ஜூன், ஜூலையில் மெல்போர்னிலும் டாஸ்மேனியாவிலும் குளிர். கேரவனுக்குள் நாள் முழுக்க அடைந்து கிடக்க வேண்டிவரும். ஆகவே குளிர்காலத்தில் வடக்கே, கோடையில் தெற்கே என்பதுதான் மொத்தத் திட்டத்தின் அச்சு. சிட்னியிலிருந்து மார்ச் கடைசியில் கிளம்பி, குவீன்ஸ்லாந்துக் கரையை மெதுவாக ஏறி, மே மாதம் கெய்ர்ன்ஸ் பக்கம் தங்கி, ஜூனில் டார்வின், ஜூலையில் கிம்பர்லி, ஆகஸ்டில் புரூம் என்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போவது பலரும் எடுக்கும் வழி. செப்டம்பர் வாக்கில் மேற்குக் கரையில் இறங்கினால் பெர்த்துக்கு வடக்கே காட்டுப்பூக்கள் பூத்துக் கிடக்கும். ஆனால் நிங்கலூ பவளத்திட்டில் திமிங்கலச் சுறாவோடு நீந்த நினைத்தவருக்கு ஏமாற்றம்தான். அதற்கான காலம் மார்ச் முதல் ஜூலை வரை. தென்கரையின் ஹெட் ஆஃப் பைட் பாறைமேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே திமிங்கலம் பார்க்கும் காலமும் ஓய்ந்திருக்கும். கடிகார முள்ளின் திசையிலேயே போனால் இவற்றில் சில கிடைக்கும், வேறு சில தவறும். ஒரே சுற்றில் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பவர் கடைசியில் சாலையை மட்டும்தான் பார்ப்பார்.

சீக்கிரம் ஓய்வு பெற்றவரிடம் உள்ள பெரிய வசதி, திரும்பி வர வேண்டிய தேதி என்று ஒன்று இல்லாததே. அதை முன்பதிவுகளால் கட்டிப்போடுவது வீண். விதிவிலக்கு உண்டு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புரூம் போன்ற ஊர்களில் கேரவன் பார்க்குகள் நிரம்பிவிடும், அங்கே மட்டும் பல மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். பள்ளி விடுமுறை வாரங்களில் கடற்கரை ஊர்களும் அப்படியே. மற்ற இடங்களை அன்றன்று பார்த்துக்கொள்ளலாம்.

நாட்காட்டி முடிவானபின் வண்டி. கிப் ரிவர் போன்ற தடங்களில் போவதானால் உயரமான நான்கு சக்கர இயக்க வண்டியும், கரடுமுரடுக்கென்றே செய்த கேரவனும் வேண்டும். தார்ச்சாலையோடு நிற்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. கண்காட்சியில் விற்கப்படும் முரட்டு வண்டிகளில் பல, வாழ்நாளில் ஒரு ஆற்றையும் கடக்காதவை. கேரவன் வாங்கினால் முகாமில் அதைக் கழற்றி வைத்துவிட்டு காரில் ஊர் சுற்றலாம். மோட்டார்ஹோமில் பால் வாங்கப் போவதென்றாலும் வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டும். ஆனால் கோப்பதும் கழற்றுவதும் பின்னோக்கி ஓட்டுவதும் என்ற தொல்லை கிடையாது. மொத்த எடை 4.5 டன் வரையுள்ள மோட்டார்ஹோமை சாதாரணக் கார் உரிமத்திலேயே ஓட்டலாம். கேரவன் இழுக்கவும் தனி உரிமம் தேவையில்லை. பழக்கம் இல்லாதவர் மூன்று டன்னை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்குவதற்கும் இதுவே காரணம்.

எடை விஷயத்தில் விற்பனையாளரின் பேச்சைவிட எடை மேடையை நம்புவது நல்லது. ஒரு கணக்கு: கேரவனின் வெற்று எடை 2,500 கிலோ, அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 3,000 கிலோ என்று தகட்டில் இருக்கிறது. மிச்சம் 500 கிலோ. இரண்டு தண்ணீர்த் தொட்டிகளும் நிரம்பினால் 190 லிட்டர், அதாவது 190 கிலோ. வெற்று எடையில் சேராத நிழல்பந்தலும் கூடுதல் பேட்டரியும் 100 கிலோ போனால், துணிமணி, பாத்திரம், மளிகை, கருவிப்பெட்டி, நாற்காலி, மீன்பிடி தூண்டில் எல்லாமே 210 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இரண்டு பேர் ஓராண்டு வாழும் வீடு அது. இழுக்கும் காரின் கணக்கு இன்னும் சிக்கல். 3.5 டன் இழுக்கும் என்று விளம்பரம் சொல்லும்; காரும் கேரவனும் சேர்ந்து 6 டன் தாண்டக்கூடாது என்பது கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். 3.5 டன் இழுத்தால் காருக்கு மிஞ்சுவது 2.5 டன். வெறும் காரே 2.3 டன் என்றால், ஓட்டுநர், துணைவர், அவர்களின் மூட்டை முடிச்சு எல்லாவற்றுக்கும் 200 கிலோதான். எடை மீறிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் வழியுண்டு.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கனமான சாமான்கள் கேரவனின் அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலும் இருக்க வேண்டும். இணைப்புக் கொக்கியின் மீது மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு அழுந்துவது பொதுவான அளவு. பின்கோடியில் சைக்கிளும் உதிரிச் சக்கரமும் பெட்டியும் தொங்கவிட்டால் வேகத்தில் கேரவன் பாம்பாக நெளியத் தொடங்கும். அப்போது காரின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் நிலைமை மோசமாகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கேரவனின் மின்பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேட அது நேரமல்ல.

தூரம் இந்தியச் சாலைகளில் பழகியவருக்குப் பிடிபடாத ஒன்று. மேற்கிலிருந்து கிழக்கே திரும்பும் ஏர் நெடுஞ்சாலை நார்ஸ்மனிலிருந்து செடுனா வரை சுமார் 1,200 கிலோமீட்டர், நல்லார்பர் சமவெளி வழியாக. அதில் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லை. ரோடுஹவுஸ் எனப்படும் பெட்ரோல் நிலையங்கள் சில இடங்களில் 190 கிலோமீட்டருக்கு ஒன்று. சாலையின் சில பகுதிகளிலேயே கோடு தீட்டி, பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இறங்க ஓடுதளமாக ஒதுக்கியிருக்கிறார்கள். சலிப்புக்கு மருந்தாக வழி நெடுகப் பரவிய 18 குழி கோல்ஃப் மைதானம் ஒன்றும் உண்டு. முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் இடையே 1,365 கிலோமீட்டர். இந்த வட்டாரத்தில் ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் ஓட்டினால் போதும். அந்தி சாயும் வேளையிலும் விடியலிலும் கங்காரு குறுக்கே பாயும் என்பதால், பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கே வண்டியை ஓரங்கட்டுவதே அனுபவசாலிகளின் வழக்கம். 53.5 மீட்டர் வரை நீளும் ரோடு ட்ரெயின் லாரிகளை முந்துவதற்கு நீண்ட வெட்டவெளி வேண்டும். வண்டியில் உள்ள இருவழி வானொலியின் 40-ஆம் அலைவரிசையில் லாரி ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முந்துவது நல்ல பழக்கம்.

மாநில எல்லைகளில் பயிர்நோய்க் காவல் சாவடிகள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம், காய்கறி, தேன் கொண்டுபோக முடியாது. குனுனராவுக்குக் கிழக்கே எல்லையில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் முந்தின இரவே மிச்சமிருக்கும் வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் எல்லாவற்றையும் வெட்டிப் பெரிய பாத்திரம் நிறையக் குழம்பு வைத்து, ஆறவைத்து, டப்பாவில் அடைத்து உறையவைத்துவிடுவார்கள். வடக்கே ஆற்றோரம் தங்குபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று முதலை. தண்ணீர் விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி முகாம் போடச் சொல்கிறது குவீன்ஸ்லாந்து அரசு. பழங்குடியினர் நிலத்தின் வழியே செல்லும் சில தடங்களுக்கு அனுமதிச் சீட்டு முன்கூட்டியே பெற வேண்டும். லாவர்டனிலிருந்து உலுரு நோக்கிச் செல்லும் கிரேட் சென்ட்ரல் சாலை அப்படிப்பட்டது.

இனி பணம். ஆஸ்திரேலியத் தொழிலாளியின் சேமிப்பில் பெரும்பகுதி 'சூப்பர்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சூப்பரானுவேஷன் நிதியில் இருக்கும். நம் ஊர் வருங்கால வைப்பு நிதிக்கு உறவு. 60 வயதுக்கு முன் அதைத் தொட முடியாது. அரசின் முதியோர் ஓய்வூதியம் 67-இல்தான், அதுவும் வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருந்தால். 54 வயதில் கிளம்புகிறவர் 60 வரையிலான ஆறு ஆண்டுகளை சூப்பருக்கு வெளியே உள்ள பணத்தில் ஓட்ட வேண்டும்: வங்கி வைப்பு, பங்கு ஈவுத்தொகை, வீட்டு வாடகை. இந்த இடைக்காலப் பணத்தைத் தனியாகப் பிரித்து வைக்காமல் புது வண்டியில் போட்டுவிடுவதே சீக்கிரம் ஓய்வு பெறுவோருக்கு வரும் பெரிய சோதனை. மூன்று, நான்கு ஆண்டு ஓடிய கேரவன் பெரும்பாலும் புதியதைவிட நல்ல பேரம்; தொடக்கக் கோளாறுகளை முதல் சொந்தக்காரர் சரிசெய்திருப்பார்.

எரிபொருள்தான் ஓடும் செலவில் முதலிடம். பக்கத் தடங்களையும் சேர்த்தால் ஒரு சுற்று எளிதில் 25,000 கிலோமீட்டரைத் தொடும். கேரவன் இழுக்கும் டீசல் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 18 லிட்டர் குடித்தால் 4,500 லிட்டர்; லிட்டர் இரண்டு டாலர் என்று வைத்தால் 9,000 டாலர். ஒதுக்குப்புற ரோடுஹவுஸ்களில் விலை அதற்கும் மேலே. இந்தச் செலவைக் குறைக்க மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஓரிடத்தில் இரண்டு வாரம் தங்குபவருக்கு டீசலும் மிச்சம், கேரவன் பார்க்கில் வாரக் கட்டணச் சலுகையும் கிடைக்கும். சூரியத் தகடும் நல்ல பேட்டரியும் கழிப்பறைத் தொட்டியும் உள்ளவர் இலவச முகாம்களிலும் ஊர்ப் பொருட்காட்சித் திடல்களிலும் தங்கலாம். ஏசி ஓட வேண்டுமானால் மட்டும் மின்இணைப்புள்ள இடம் தேடுவார்கள். கையில் பணம் குறைந்தால் பழம் பறிப்பு, கேரவன் பார்க் மேற்பார்வை, மாட்டுப் பண்ணையில் காவல் என்று பருவ வேலைகளும் கிடைக்கும்.

விட்டுவிட்டு வரும் வீட்டை வாடகைக்கு விட்டால் வருமானமும் வரும், ஆளும் இருக்கும். சொந்தக் குடியிருப்பாக இருந்த வீட்டை இப்படி ஆறு ஆண்டு வரை வாடகைக்கு விட்டாலும், விற்கும்போது மூலதன ஆதாய வரிவிலக்கை இழக்காமல் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் வேறு வீட்டைத் தன் குடியிருப்பாகக் காட்டக்கூடாது. பூட்டிப்போட்டுப் போவதானால் காப்பீட்டுப் பத்திரத்தைப் படிக்க வேண்டும். ஆளில்லாத வீட்டுக்கு இத்தனை நாள்தான் என்று பல நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. சூப்பர் கணக்கோடு ஒட்டி வரும் ஆயுள் காப்பீடும் கவனத்துக்குரியது. தொடர்ந்து 16 மாதம் அந்தக் கணக்கில் பணம் சேராவிட்டால், வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாலொழிய அது ரத்தாகிவிடும். வாக்களிப்பது ஆஸ்திரேலியாவில் கட்டாயம். நிலையான முகவரி இல்லாதவர் தனிப் பிரிவில் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம்.

மருத்துவத்தில் ஒரு நிம்மதி: மெடிகேர் நாடு முழுவதும் செல்லும். ஆனால் ஆம்புலன்ஸ் அதில் சேராது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தவருக்கு அரசே பார்த்துக்கொள்கிறது. மற்றவர்கள் தனியாகச் சந்தா கட்டாமல் கிளம்பக்கூடாது. தினசரி மாத்திரை சாப்பிடுபவர் அடுத்த பெரிய ஊர் எது என்பதை மருந்துச் சீட்டை வைத்தே கணக்கிட வேண்டியிருக்கும். செல்பேசிக் கோபுரம் இல்லாத நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்களுக்குச் செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் சிறு கருவி ஒன்று கையில் இருப்பது நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், 24 மணி நேரமும் ஆறேழு மீட்டர் நீளப் பெட்டிக்குள் இருவர் ஒத்துப்போக முடியுமா என்பது காகிதத்தில் தெரியாது. முப்பது ஆண்டு ஆளுக்கொரு அலுவலகம் போய்வந்த தம்பதிக்கு அது புதிய ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின ஆண்டில் வாடகை வண்டியிலாவது மூன்று வாரம் போய்வருவது நல்லது. அதில் ஒரு வாரம் மழையில் மாட்டினால் இன்னும் நல்லது. யார் வண்டியைப் பின்னுக்கு எடுப்பது, யார் வெளியே நின்று கை காட்டுவது, கழிப்பறைத் தொட்டியை யார் காலி செய்வது என்பதெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் மற்றவர் ஓட்டியாக வேண்டும் என்பதால், பின்னுக்கு எடுப்பதையும் கோத்துக் கழற்றுவதையும் இருவருமே பழக வேண்டும். ஒரு நாள் வகுப்பில் இதைக் கற்றுத்தரும் பயிற்சி நிலையங்கள் பெரிய நகரங்களில் இருக்கின்றன. கேரவன் வாங்கிய வாரமே அதில் சேர்ந்துவிடலாம்.