எண்ணிய எண்ணும் மதிப்பிட்ட எண்ணும்

ஒரு மாணவனை 'மந்தன்' என்று சொல்லிவிடுவது எளிது. ஒரு கணினியை 'மெதுவாக ஓடுகின்றது' என்று சொல்லிவிடுவதும் அத்துணை எளிதே. ஏன் என்று வினவும்போதுதான் ஆராய்ச்சி தொடங்குகின்றது. அவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டுக் கணினியின் செயலிக்குள்ளேயே சில எண்ணிகள் அமைக்கப்பட்டுள்ளன. அவை எண்ணியது நம் கைக்கு எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

எண்ணி என்பது செயலியில் உள்ள ஒரு சிறு பதிவகம். குறித்த நிகழ்ச்சி நடக்குந்தோறும் அதன் மதிப்பு ஒன்று கூடும். ஒரு கட்டளை நிறைவேறுதல், தேடிய தரவு கேஷ் எனப்படும் அண்மை நினைவகத்தில் கிட்டாமற் போதல், நிரல் எப்பக்கம் கிளைக்கும் என்று செயலி செய்த ஊகம் பிழைபடுதல் ஆகியவை அத்தகைய நிகழ்ச்சிகளாம்.

1993ஆம் ஆண்டு வெளிவந்த பென்டியம் செயலியில் இவ்வகை எண்ணிகள் இரண்டு இருந்தன. ஆயினும் அவற்றின் விளக்கத்தை இன்டெல் நிறுவனம் பொதுவில் வெளியிடவில்லை. டெர்யே மாத்திசன் என்பார் அவற்றின் இயல்பைத் தாமே ஆராய்ந்து, 1994இல் 'பைட்' இதழில் எழுதினார்.

எண்ணியை அமைக்கும் உரிமை இயங்குதளத்தின் கருவுக்கே உண்டு. ஏனெனில் ஒரே செயலியில் பல நிரல்கள் மாறி மாறி ஓடுகின்றன. ஒரே கரும்பலகையைப் பல வகுப்புகள் பயன்படுத்தும் பள்ளியை எண்ணிப் பாருங்கள். மணியடித்ததும் முன் வகுப்பின் கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு பலகையைத் துடைத்தல் வேண்டும். இன்றேல் இரண்டும் கலந்துவிடும். நிரல் மாறும்போதெல்லாம் கரு இப்பணியைச் செய்கின்றது.

லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்வசதி 2009 செப்டம்பரில் வெளிவந்த 2.6.31ஆம் பதிப்பில் இடம்பெற்றது. 'பெர்ஃப்' என்னும் கருவி, எந்நிகழ்ச்சியை எந்நிரலுக்கு எண்ணவேண்டும் என்று கருவிடம் விண்ணப்பிக்கும். கரு ஓர் அடையாள எண்ணைத் தரும். கோப்பைப் படிப்பது போல அதனைக் கொண்டு எண்ணிக்கையைப் படிக்கலாம். மேலும், குறித்த தொகை நிறைந்ததும் எண்ணி குறுக்கிட்டு அறிவிக்கும்படியும் செய்யலாம். அப்போது நிரல் எவ்வடியில் நின்றது என்பதைக் கரு குறித்துக்கொள்ளும். இவ்வாறு நேரம் வீணாகும் இடம் புலப்படும்.

பிறர் நிரலின் எண்ணிக்கைகளிலிருந்து மறைபொருளை ஊகிக்கவும் கூடும். ஆதலின் 2016 முதல் லினக்ஸ் கருவின் இயல்பான அமைப்பில், சாதாரணப் பயனர் தம் நிரலை அளக்கலாம். கருவின் இயக்கத்தை அளத்தல் இயலாது. அளப்பதற்கு மட்டும் உரிய தனி அனுமதி 2020இல் ஏற்பட்டது.

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். எண்ணிகள் மிகச் சில. விரும்பியவாறு அமைக்கத்தக்கவை பல செயலிகளில் நான்கு முதல் எட்டு வரையே. நாம் பத்து நிகழ்ச்சிகளைக் கேட்டால், கரு அவற்றை முறை வைத்து எண்ணும். 10 நொடி ஓடிய நிரலில் ஒரு நிகழ்ச்சி 4 நொடி மட்டும் கவனிக்கப்பட்டு 80 கோடி என்று எண்ணப்பட்டால், கருவி அதனை விகிதப்படி பெருக்கி 200 கோடி என்று காட்டும். அஃது எண்ணிய எண்ணன்று, மதிப்பிட்ட எண். வரியின் இறுதியில் 40 விழுக்காடு என்னும் குறிப்பும் இருக்கும். அதனைக் காணாமல் விடுவோரே பலர்.

பயிற்சி முடித்த புதிதில், தோட்டப் பள்ளியின் ஒரே அறையில் இரு வகுப்புகளை நடத்தினேன். ஒரு வகுப்பினர் படிப்பதைக் கேட்கையில் மற்றவர் தாமே படித்துக்கொள்வர். பாதி நேரம் கேட்ட பிழைகளை இரட்டித்து, அதையே முழுக் கணக்காகக் குறிப்பேட்டில் எழுதினேன். நான் கேளாத பாதியில் அப்பிள்ளைகள் எவ்வாறு படித்தனர் என்பதை யாரறிவார்? பாதியே கேட்டது என்று ஒரு சொல் எழுதியிருந்தேனாயின், அடுத்த ஆண்டு ஆசிரியர் அவர்களை வேறு கண்ணால் நோக்கியிருப்பார்.

பெர்ஃப் கருவி அவ்வொரு சொல்லை எழுதி வைக்கின்றது. அதைப் படிக்கும் கடமை நம்முடையது.