நோய்முதல் காணும் நெறிகள்

நோய் எதனால் வந்ததென வினவின், உலகத்தார் பலபடக் கூறுவர். “அவர் புகைத்தார், புற்றுநோயால் மாண்டார்” என்பார் ஒருவர். “எம் பாட்டனார் எண்பது வயதுவரை புகைத்தும் நோயின்றி வாழ்ந்தார்” என்பார் மற்றொருவர். இருவர் கூற்றும் மெய்யே. ஆயினும், தனியொருவர் வரலாறு கொண்டு காரணம் துணிதல் இயலாது. பலரை ஒருங்கு வைத்து ஒப்புநோக்கல் வேண்டும். அவ்வொப்புநோக்கும் நெறிகளுள் மூன்றனை ஈண்டு விளக்குவாம்.

முதல் நெறி, நோயினின்று காரணத்தை நோக்கிப் பின்செல்வது. இங்கிலாந்தில் நுரையீரற் புற்றுநோய் பெருகிய காலத்தில், ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்னும் அறிஞர் இருவர், இலண்டன் மருத்துவமனைகளில் அந்நோயுற்ற 709 பேரையும், வயதும் பாலும் ஒத்த பிற நோயாளர் 709 பேரையும் வினவி, 1950-ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டனர். புற்றுநோயுற்ற ஆடவர் 649 பேருள் புகைத்தறியாதார் இருவரே. மற்றை ஆடவர் 649 பேருள் அத்தகையார் 27 பேர். இந்நெறி விரைவில் முடிவது. அரிய நோய்க்கும் ஏற்றது. ஆனால் நோயாளரின் நினைவையே பெரிதும் நம்பி நிற்பது. துன்புறுவோர் பழமையைத் துருவி நினைப்பர், ஏனையோர் மறந்தொழிவர்.

இரண்டாம் நெறி, பழக்கத்தினின்று நோயை நோக்கி முன்செல்வது. 1951-ஆம் ஆண்டில் அவ்விருவரும் பிரிட்டானிய மருத்துவர்களுக்குக் கடிதம் விடுத்து, அவர்தம் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்தனர். விடை தந்தார் நாற்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர். பின்னர் யார் எந்நோயால் இறந்தனர் என்று ஆண்டுதோறும் குறித்து வந்தனர். இவ்வாராய்ச்சியில் ஆடவரைப் பற்றிய ஐம்பதாண்டு முடிவு 2004-இல் வெளிவந்தது. இடைவிடாது சிகரெட்டுப் புகைத்தார், புகையாதாரினும் ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே மாண்டனர். நோய் வருமுன்னரே பழக்கம் எழுதப்பெறுதலின், நினைவின் பிழை இங்கில்லை. ஆயினும் காலமும் பொருளும் மிக வேண்டும். அன்றியும், புகைப்போர் குடி முதலிய பிறவற்றாலும் வேறுபட்டிருத்தல் கூடுமன்றோ?

அவ்வையத்தை அகற்றுவது மூன்றாம் நெறி. இதில் யார் எப்பகுதியிற் சேர்வர் என்பதை ஆராய்வோர் விருப்பத்துக்கு விடாது, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் முடிவு செய்வர். எனவே வறியரும் செல்வரும், நோய் மிக்காரும் குறைந்தாரும் இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒப்பவே அமைவர். சென்னையில் 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், இவ்வாறே நோயாளரைப் பகுத்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறுசாராரைத் தத்தம் வீட்டிலும் வைத்து மருந்தளித்தனர். வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அத்துணைப் பயனே தந்ததென 1959-இல் வெளியிட்டனர். வீட்டிலிருந்தாரின் குடும்பத்தாரை நோய் மிகுதியாகப் பற்றவில்லை என்பதும் அறியப்பட்டது. படுக்கை கிட்டாது காத்திருந்த ஏழையர்க்கு இஃது எத்துணைப் பெரிய செய்தி!

அங்ஙனமாயின், புகையிலையையும் இம்மூன்றாம் நெறியால் ஆராயலாகாதோ எனின், ஆகாது. நஞ்சென ஐயுற்றதனைச் சீட்டெடுத்து மாந்தர்க்கு ஊட்டுதல் அறமன்று. அறம் தடுத்தவிடத்து, முன்னை இருநெறியும் வெவ்வேறு வழியாற் சென்று ஓரிடத்தே கூடுதலே சான்றாகின்றது.

ஆதலின், “ஆராய்ச்சியிற் கண்டனர்” என்று செய்தித்தாளிற் படிக்குந்தோறும் நாம் வினவ வேண்டியது ஒன்றுண்டு: எந்நெறியாற் கண்டனர்? அவ்வினாவிற்கு விடையறிந்த பின்னரே, அம்முடிவை எத்துணை நம்பலாம் என்று நாம் துணிதல் தகும்.