கன்னியாகுமரித் தொகுதியில் தந்திரோபாய வாக்களிப்பு

தனக்குப் பிடித்த கட்சி வெல்லாது எனக் கருதும் வாக்காளர், தான் விரும்பாத வேட்பாளரைத் தோற்கடிக்கக்கூடிய வேறொருவருக்கு வாக்களிப்பது தந்திரோபாய வாக்களிப்பு எனப்படும். பூதப்பாண்டி அடங்கிய கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி இதற்குத் தமிழ்நாட்டில் நல்ல எடுத்துக்காட்டு.

ஏறத்தாழ 47% கிறித்தவர் வாழும் இம்மாவட்டத்தில், 1982 மண்டைக்காடு கலவரத்துக்குப் பின் இந்துத்துவ அரசியல் வேரூன்றியது. தமிழ்நாட்டின் முதல் பாரதிய ஜனதா சட்டமன்ற உறுப்பினர் 1996-ல் இங்குள்ள பத்மநாபபுரத்தில்தான் வென்றார்.

2014 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க.வின் பொன். இராதாகிருஷ்ணன் 3,72,906 வாக்குகள் பெற்று வென்றார். எதிரே காங்கிரசு 2,44,244, அ.தி.மு.க. 1,76,239, தி.மு.க. 1,17,933, மார்க்சிய கம்யூனிஸ்ட் 35,284 எனப் பிரிந்து நின்றன. நான்கையும் கூட்டினால் 5,73,700.

2019-ல் அவர் பெற்றது 3,67,302. ஐந்தாண்டுகளில் குறைந்தது 5,604 வாக்குகளே. ஆனால் காங்கிரசின் எச். வசந்தகுமார் 6,27,235 பெற்று வென்றார். காங்கிரசு, தி.மு.க., மார்க்சிய கம்யூனிஸ்ட் ஆகியவை கூட்டணி சேர்ந்ததால் மட்டும் இது நேரவில்லை. அம்மூன்றின் பழைய வாக்குகள் 3,97,461 தான். இம்முறை பா.ஜ.க. அணியில் இருந்த அ.தி.மு.க.வின் வாக்குகள் அக்கட்சிக்குப் போய்ச் சேரவில்லை என்றே எண்கள் காட்டுகின்றன. வாக்கு இரகசியமானது, ஒவ்வொருவரின் நோக்கத்தையும் எண்களிலிருந்து அறிய முடியாது. எனினும் தலைமைகள் செய்த உடன்பாட்டை மீறி வாக்காளர்கள் முடிவெடுத்தனர் என்பதே பொருத்தமான விளக்கம்.

இதில் சிறு கட்சிகள் கொடுக்கும் விலை பெரிது. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் பிறந்த பூதப்பாண்டி அன்று நாகர்கோவில் தொகுதியில் இருந்தது. 2004-ல் தி.மு.க. அணியில் நின்ற மார்க்சிய கம்யூனிஸ்ட் வேட்பாளர் அ. வே. பெல்லார்மின் இத்தொகுதியில் பொன். இராதாகிருஷ்ணனைத் தோற்கடித்தார். பத்தாண்டு கழித்துத் தனித்து நின்றபோது அவருக்குக் கிடைத்ததே மேற்சொன்ன 35,284.

பிரான்சில் அதிபர் தேர்தலுக்கு இரண்டு சுற்றுகள் உண்டு. 2002-ல் முதல் சுற்றில் இடதுசாரி வாக்குகள் சிதறியதால் தீவிர வலதுசாரி லெ பென் இரண்டாம் இடம் பிடித்தார். அடுத்த சுற்றில் இடதுசாரிகளும் சிராக்குக்கு வாக்களிக்க, அவர் 82% பெற்றார். இந்தியாவில் ஒரே சுற்றுதான் என்பதால், யார் வெல்லக்கூடியவர் என்பதை வாக்காளரே முன்கூட்டி ஊகித்தாக வேண்டும்.

2024-ல் அ.தி.மு.க. பா.ஜ.க.வை விட்டுத் தனியே நின்றது. பொன். இராதாகிருஷ்ணனுக்கு 3,66,341 வாக்குகள். 2014-ல் ஒன்றே முக்கால் லட்சம் பெற்ற அ.தி.மு.க.வுக்கு 41,393, நாம் தமிழர் கட்சிக்கும் கீழே நான்காம் இடம்.