கார் நடுங்கினால் பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?

பினாங்குப் பாலத்தில் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். ஜார்ஜ் டவுன் தெருக்களில் முப்பதிலும் நாற்பதிலும் ஊர்ந்து பழகிய காரில் ஏதோ கோளாறு இருப்பது பெரும்பாலும் அந்தப் பாலத்தில்தான் முதலில் தெரியவரும். ஸ்டீயரிங் கைக்குள் துடிக்கும். அல்லது இருக்கைக்கு அடியில் அதிர்வு ஓடும். 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. கரை சேர்ந்ததும் உரிமையாளர் பட்டறைக்குப் போய், "அப்சோர்பர் போயிருக்கும் போல, மாத்திடுங்க" என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தால் அவர் தேவையில்லாத உதிரிபாகத்துக்குப் பணம் கொடுக்க நேரலாம். வேலை சரியாக அமையாவிட்டால் கேள்வி கேட்பதற்கான பலமான சட்டக் காரணத்தையும் இழக்கலாம். அறிகுறியைக் கவனித்து எழுதுவது உரிமையாளரின் வேலை. எந்தப் பாகம் கெட்டது என்று முடிவு செய்வது பட்டறையின் பொறுப்பு. இந்த இரண்டும் இடம் மாறிவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருள்களோடு சேவைகளுக்கும் உத்தரவாதம் தருகிறது. தகுந்த கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்யப்பட வேண்டும் என்கிறது 53ஆம் பிரிவு. கட்டணம் முன்கூட்டியே பேசப்படாதபோது, நியாயமான தொகைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது 56ஆம் பிரிவு. கார் உரிமையாளருக்கு இவற்றைவிடப் பெரிய துணை 54ஆம் பிரிவு. என்ன பலனை எதிர்பார்க்கிறோம் என்று வேலையை ஒப்படைக்கும்போது சொல்லிவிட்டால், அந்தப் பலனைத் தரக்கூடியதாக வேலை அமைய வேண்டும் என்று அது கூறுகிறது. ஆனால் வாடிக்கையாளர் பட்டறையின் திறமையை நம்பி ஒப்படைக்கவில்லை என்று தெரிந்தால் இந்த உத்தரவாதம் நிற்காது. "அப்சோர்பரை மாற்றுங்கள்" என்று கேட்டவருக்கு அப்சோர்பர் ஒழுங்காக மாற்றப்பட்டிருந்தால், நடுக்கம் அப்படியே இருந்தாலும், கேட்டதைச் செய்தோம் என்று பட்டறை வாதிட இடமுண்டு. "85இல் தொடங்கி 100 வரை ஸ்டீயரிங் ஆடுகிறது, அது நிற்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தவரிடம் அந்தப் பதில் செல்லாது. சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு இங்கே கட்டாய ஆண்டுப் பரிசோதனை இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர் மாற்றம் போன்ற சில தேவைகளுக்குத்தான் அது பரிசோதனை நிலையத்துக்குப் போகிறது. மற்ற நாள்களில் அதைக் கவனிக்க உரிமையாளரைவிட்டால் ஆளில்லை.

கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. முதல் கேள்வி, நடுக்கம் எப்போது வருகிறது என்பது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, அதைத் தாண்டியதும் தணிந்தால், சந்தேகம் முதலில் சக்கரங்களின் மேல் போக வேண்டும்: பேலன்சிங் பிறழ்ந்திருக்கலாம், பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்திருக்கலாம், டயரின் உள்ளடுக்கு பிரிந்திருக்கலாம். ஆட்டம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரம். டயரின் பக்கச்சுவரில் புடைப்பு இருந்தால் அந்த டயரோடு பாலம் ஏறவே கூடாது. அதே பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் டயரின் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மலிவாகக் கிடைக்கும் பழைய டயரை வாங்குகிறவர்கள் பளபளப்பை நம்பாமல் இந்த எண்ணைத் தேட வேண்டும்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் கதை வேறு. பிரேக் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கும் மிதியும் சேர்ந்து துடிக்கும். மலையிலிருந்து பாலிக் புலாவுக்கு இறங்கும் துன் சார்டோன் சாலையைப் போன்ற நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே நம்பி வந்தால் டிஸ்க் அளவுக்கு மீறிச் சூடாகும். திடீர் பிரேக்கில் ஏபிஎஸ் வேலை செய்யும்போது மிதி துடிப்பது இயல்பு. அதைக் கோளாறு என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். வண்டி நின்றபடி கியர் டி-யில் இருக்கும்போது அதிர்ந்து, என்-க்கு மாற்றியதும் தணிந்தால் என்ஜின் மவுண்டிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வேகமெடுக்கும்போது மட்டும் அதிர்வு வந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் இணைப்புகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வளைவில் கூடிக் குறையும் உறுமல் பேரிங்கின் குரல். இவற்றையெல்லாம்விட அவசரமானது, சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு புதிதாக வரும் நடுக்கம். சக்கர நட்டு தளர்ந்திருக்கலாம். பாதுகாப்பாக ஓரம்கட்டி, இறுக்கத்தைச் சரிபார்த்த பிறகே வண்டி நகர வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவர் நேராகப் பாகத்தின் பெயரையே சொன்னால் என்ன என்ற கேள்வி எழும். இணையத்தில் காணொளி இருக்கிறது, காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் மலிவாகக் கிடைக்கிறது, அது கோளாறுக் குறியீட்டைக் காட்டுகிறது என்பார்கள். குறியீடு காட்டுவதும் அறிகுறிதான். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். ஸ்பார்க் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, உள்ளே அழுத்தமே குறைந்துவிட்டதா என்பதை அது சொல்லாது. குறியீட்டைப் பார்த்துக் காயிலை வாங்கி மாட்டி, பிறகு பிளக்கை மாற்றி, பிறகும் நடுங்கும் வண்டியோடு நிற்பவருக்கு மூன்றாவது செலவு காத்திருக்கிறது. அவரே தேர்ந்தெடுத்த பாகத்துக்காக யாரிடமும் முறையிட முடியாது. ஆகவே ஸ்கேனர் இருந்தால் பயன்படுத்துங்கள். குறியீட்டைப் படமெடுத்து அறிகுறிப் பட்டியலோடு சேர்த்துக் கொடுங்கள். தீர்ப்பைப் பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

சொந்தக் கையால் எதையுமே செய்யக் கூடாது என்பதல்ல இதன் பொருள். டயர்க் காற்று, காற்று வடிகட்டி, வைப்பர், பேட்டரி முனைகளைத் துடைப்பது, கையேட்டைப் பார்த்து ஸ்பார்க் பிளக் மாற்றுவது எல்லாம் நிதானமுள்ள எவரும் செய்யக்கூடியவை. எல்லை எங்கே என்பதுதான் கேள்வி; தவறு நேர்ந்தால் வண்டி நின்றுபோகுமா, அல்லது நிற்காமல் போகுமா என்று கேட்டாலே அது தெரிந்துவிடும். பிரேக் எண்ணெய் செல்லும் பாகங்கள், ஸ்டீயரிங் இணைப்புகள், அழுத்தி அடைத்திருக்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஹைபிரிட் வண்டியின் ஆரஞ்சு நிற உயரழுத்தக் கம்பிகள் ஆகியவை எல்லைக்கு அப்பால் இருப்பவை. ஜேக் மட்டும் தாங்கும் காரின் அடியில் நுழைவது, எந்த அவசரத்திலும், உயிரைப் பணயம் வைப்பது. ஸ்டாண்டு போடாமல் தலையை நீட்டக் கூடாது. ஏர்பேக்கைத் தொடவே கூடாது. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் ஹோண்டா சிட்டி ஒன்றில் டக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக்கிலிருந்து உலோகத் துண்டு பாய்ந்து ஒரு கர்ப்பிணி இறந்தார். வெப்பமும் ஈரப்பதமும் இந்த வகை ஏர்பேக்கின் வாயுக் கலத்திலுள்ள வேதிப்பொருளை நாளடைவில் சிதைத்து, அளவுக்கு மீறி வெடிக்கச் செய்யக்கூடும். பினாங்கின் தட்பவெப்பமும் அதே வகைதான். திரும்பப் பெறும் பட்டியலில் உங்கள் கார் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இருந்தால் ஏர்பேக்கை இலவசமாகவே மாற்றித் தருகிறார்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றி விற்கும் ஏர்பேக் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வீட்டில் என்ஜின் எண்ணெய் மாற்றுகிறவர்களுக்கும் ஒரு சொல்: பயன்படுத்திய எண்ணெய் இந்நாட்டில் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. அதைச் சாக்கடையில் ஊற்றினால் ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகும். கலனில் அடைத்து, ஏற்றுக்கொள்ளும் பட்டறையில் கொடுப்பதே முறை.

பட்டறைக்கு வருவோம். பழுதுபார்ப்புப் பட்டறைகள் வாடிக்கையாளருக்கு உரிய தகவல்களைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகவே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2002இல் தனி ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டன. எனவே வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் கேட்பது அடாவடி அல்ல. மதிப்பீட்டைத் தாண்டினால் முதலில் அழைத்துச் சொல்ல வேண்டும், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும், மாட்டும் பாகம் தயாரிப்பாளருடையதா வேறு நிறுவனத்துடையதா பயன்படுத்தியதா என்று ரசீதில் குறிக்க வேண்டும் என்ற மூன்றையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போலிப் பாகத்தை அசல் என்று விற்பது 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றம். அதை நிரூபிக்க ரசீதில் அந்தச் சொல் இருக்க வேண்டும். பல ஆண்டுப் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் தாள் நீட்டுவது அவரைச் சந்தேகிப்பது போலாகாதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. தயக்கம் புரிகிறது. ஆனால் வாய்ப்பேச்சில் குழப்பம் வந்தால் நேர்மையான மெக்கானிக்கின் பெயரும்தான் கெடுகிறது. வாடிக்கையாளர் சொன்னது இது, நான் செய்தது இது என்று காட்ட அவருக்கும் அந்தத் தாளே சாட்சி.

எல்லாம் செய்தும் நடுக்கம் போகவில்லை என்றால், வேறு பட்டறையில் பிரித்துவிடாதீர்கள். முதல் பட்டறைக்கு எழுத்தில், வாட்ஸ்அப்பில் என்றாலும் போதும், தெரிவித்து நியாயமான கால அவகாசத்தில் சரிசெய்யக் கேளுங்கள். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, வேறிடத்தில் சரிசெய்து அந்த நியாயமான செலவைத் திரும்பக் கோரவோ ஒப்பந்தத்தை ரத்துசெய்யவோ சட்டம் இடமளிக்கிறது. "வேலைக்குப் பின் எந்தப் பொறுப்பும் ஏற்க மாட்டோம்" என்று சுவரில் தொங்கும் பலகை இந்த உரிமையைப் பறிக்காது. சட்டத்தின் 6ஆம் பிரிவு அத்தகைய நிபந்தனைகளுக்கு இடம் தருவதில்லை. அடுத்த படி மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். வழக்கு என்றாலே வழக்கறிஞர், செலவு, ஆண்டுக்கணக்கில் அலைச்சல் என்ற அச்சத்தால் பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். இந்த மன்றம் அந்த அச்சத்தைப் போக்கவே அமைந்தது: மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகள், பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை, விசாரணை தொடங்கியதிலிருந்து 60 நாள்களுக்குள் முடிவு சொல்ல முயல வேண்டும் என்ற விதி. காரணம் எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், இணையவழியும் செய்யலாம். மலாய் மொழியில் படிவம் நிரப்பத் தயங்குகிறவர்கள், அமரர் எஸ். எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும்வரை தலைமையேற்று வளர்த்த பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை ஜார்ஜ் டவுனிலேயே அணுகலாம். மன்றத்துக்குப் போகும்போது அறிகுறித் தாள், மதிப்பீடு, ரசீது, பழைய பாகம், தகவல் பரிமாற்றத்தின் அச்சுப் படி ஐந்தையும் கொண்டுபோங்கள். தீர்ப்பளித்த 14 நாள்களுக்குள் பட்டறை அதை நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகிறது. அதையும் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் மனுதாரர்தான். பதினைந்தாம் நாளே தெரிவித்துவிடுங்கள்.